முப்பது விநாடியும் ஒரு கோடிட்ட இடமும்

அக்கா மகளுக்குப் பதினொரு வயது. நியூஜெர்சியில் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் சமையலறை மேசையின் ஒரு முனையில் அவளும், மறுமுனையில் கீரை ஆய்ந்தபடி என் அம்மாவும் உட்கார்ந்திருப்பார்கள். நடுவில் இட்லி வேக வைக்கும்போது பயன்படும் டைமர். அதை இருபது நிமிடத்துக்கு முறுக்கி வைத்தால், மணி அடிப்பதற்குள் அவள் நாற்பது கேள்விகளை முடித்திருக்க வேண்டும்.

நான் போய்ச் சேர்ந்த இரண்டாம் நாள், அவள் தவறவிட்ட கேள்வி ஒன்றை எடுத்துப் பார்த்தேன். தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்: ‘வழக்கமாகத் தயங்கித் தயங்கிப் பேசும் அந்த மாணவி, மேடையேறிய அன்று ______ பேசி எல்லோரையும் வியக்க வைத்தாள்.’ கீழே நான்கு விடைகள்: சுருக்கமாக, சரளமாக, ரகசியமாக, கோபமாக. அவள் வட்டமிட்டிருந்தது ‘சுருக்கமாக’.

“ஏன்டா செல்லம் இது?”

“அந்த வேர்டு எனக்குத் தெரியும் மாமா. போன வாரம்தான் படிச்சேன்.”

மற்ற மூன்று சொற்களுக்கும் பொருள் கேட்டேன். கடகடவென்று சொன்னாள். நான்கு சொல்லும் தெரியும், விடை மட்டும் தப்பு. சொல் தெரியாததால் வந்த பிழை என்றால் அகராதி போதும். இதற்கு அகராதி உதவாது.

மேசை மேல் கிடந்தது ‘ஐ.எஸ்.இ.இ.’ என்னும் நுழைவுத் தேர்வுக்கான பயிற்சிப் புத்தகம். அமெரிக்காவில் ‘இண்டிபெண்டன்ட் ஸ்கூல்’ என்று அழைக்கப்படும் தனியார் பள்ளிகள் பல, விண்ணப்பத்தோடு இந்தத் தேர்வின் மதிப்பெண்ணையும் கேட்கின்றன. தேர்வை நடத்துவது 1927இல் தொடங்கிய ‘எஜுகேஷனல் ரெக்கார்ட்ஸ் பீரோ’. ஏழாம், எட்டாம் வகுப்புகளில் சேர விரும்புகிறவர்கள் எழுதுவது அதன் ‘மிடில் லெவல்’. சொற்திறன், கணக்குத் திறன், வாசிப்பு, கணிதம் என்று நான்கு பகுதிகள், கடைசியில் ஒரு கட்டுரை. முதலில் வரும் சொற்திறன் பகுதிதான் பிள்ளைகளுக்கு வயிற்றைக் கலக்குகிறது. ஒரே பொருள் தரும் சொல்லைக் காட்டு என்று ஒரு பாதி, கோடிட்ட இடத்தை நிரப்பு என்று இன்னொரு பாதி. நாற்பது கேள்வி, இருபது நிமிடம். ஒரு கேள்விக்கு முப்பது விநாடி.

இதற்குப் போட்டியாக ‘எஸ்.எஸ்.ஏ.டி.’ என்ற தேர்வும் உண்டு. அதில் கோடிட்ட இடமே கிடையாது. ஒரே பொருள் தரும் சொற்களும், ‘இதற்கு இது என்றால் அதற்கு எது’ வகை ஒப்புமைகளும்தான் இருக்கும். அதன் மிடில் லெவலில் தப்பாக எழுதினால் கால் மதிப்பெண் போய்விடும். ஐ.எஸ்.இ.இ.யில் அந்தக் கழித்தல் இல்லை. தெரியாவிட்டாலும் எதையாவது ஒன்றை வட்டமிட்டுவிட்டு வா என்று சொல்லி அனுப்புவார்கள். எந்தத் தேர்வு எழுதலாம் என்று பெற்றோர் கூடிக் கூடிப் பேசுவதெல்லாம் பெரும்பாலும் இந்த வித்தியாசத்தை வைத்துத்தான்.

அக்கா சென்னையில் பொறியியல் படித்தவள். பன்னிரண்டாம் வகுப்பில் வேதியியல் சூத்திரங்களைக் குளியலறைச் சுவரில் ஒட்டி மனப்பாடம் செய்தவள். பெண்ணுக்கும் அதே வைத்தியம்தான். ஐந்நூறு சொற்களை அச்சிட்டு ஃபிரிட்ஜில் ஒட்டிவிட்டாள். நமக்கு இது பரம்பரைப் பழக்கம் என்றுகூடச் சொல்லலாம். திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நிகண்டைத் தலைகீழாக ஒப்பித்தவர்கள். மண்டல புருடரின் சூடாமணி நிகண்டில் பதினொன்றாம் தொகுதி முழுக்க ஒரு சொல்லுக்குப் பல பொருள் கூறும் பகுதி. அதை மட்டும் தனியாக அச்சிட்டு விற்கிற அளவுக்கு அதற்குத் தேவை இருந்தது. ஆனால் நிகண்டு கற்றவன் அடுத்து இலக்கியம் படித்தான். நிகண்டில் பார்த்த சொல் அங்கே ஒரு வரிக்குள் நின்று அவனுக்குத் தன்னைக் காட்டியது. ஃபிரிட்ஜில் ஒட்டிய பட்டியலுக்கு அந்த அடுத்த கட்டம் இல்லை.

ஏரியை வற்றவைத்த ‘உம்’

அன்று ராத்திரி புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, அவளுக்குத் தெரிந்த தமிழில் இரண்டு வாக்கியம் எழுதிக் காட்டினேன்.

மழை பெய்ததால் ஏரி ______.

மழை பெய்தும் ஏரி ______.

முதலாவதற்கு “நிறைஞ்சுது” என்றாள். இரண்டாவதற்குச் சற்று யோசித்து “நிறையல” என்றாள். அதே மழை, அதே ஏரி. எது மாறியது என்று கேட்டேன். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு ‘தும்’ என்பதன் மேல் விரலை வைத்தாள். ஒரே ஒரு ‘உம்’ ஏரியை வற்றவைத்துவிட்டது.

கோடிட்ட இடக் கேள்வியின் சூட்சுமம் இதுதான். வாக்கியத்தில் எங்கேயோ ஒரு கீல் இருக்கும். கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்பதை அதுதான் தீர்மானிக்கும். ஆங்கிலத்தில் அந்தக் கீல் பெரும்பாலும் தனிச்சொல். ‘ஆல்தோ’, ‘டிஸ்பைட்’, ‘பிகாஸ்’ என்று பல வாக்கியங்களில் வாசற்படியிலேயே காவலாளி மாதிரி நிற்கும். தமிழில் அது வினைச்சொல்லின் வாலில் ஒட்டிக்கொண்டிருக்கும். வீட்டில் தமிழ் கேட்டு வளர்கிற குழந்தை அந்த வாலைக் காதால் பிடித்துவிடுகிறது. தாளில் ஆங்கிலம் படிக்கும்போது காவலாளியைக் கண்டுகொள்ளாமல் நேரே உள்ளே ஓடிவிடுகிறது. இதை ஆராய்ச்சி முடிவாகச் சொல்லவில்லை. ஒரு மேசையில் ஒரு குழந்தையிடம் மூன்று வாரம் கண்டதைச் சொல்கிறேன்.

கீல் சொல்லாகத்தான் இருக்க வேண்டும் என்பதுமில்லை. ஆங்கில வாக்கியத்தில் முக்காற்புள்ளியோ அரைப்புள்ளியோ வந்தால், ‘இப்போது சொன்னதையே வேறு சொற்களில் சொல்லப்போகிறேன்’ என்று அடிக்கடி அர்த்தம். புள்ளிக்கு அந்தப் பக்கம் விடை பட்டவர்த்தனமாக எழுதியிருக்கும். பிள்ளைகள் அதை எறும்பு ஊர்ந்த தடம் மாதிரி தாண்டிப் போகிறார்கள். தயங்கித் தயங்கிப் பேசும் மாணவியின் கதையில் கீல் இரண்டு: ‘வழக்கமாக’ ஒன்று, ‘வியக்க வைத்தாள்’ இன்னொன்று. வழக்கத்துக்கு மாறானது நடந்தால்தானே வியப்பு? தயக்கத்துக்கு எதிர்ப்பதம் எது என்று கேட்டிருந்தால் அவளே ‘சரளம்’ என்றிருப்பாள்.

அங்குள்ள அனுபவமுள்ள ஆசிரியர்கள் சொல்லித் தரும் முறையும் இதைச் சுற்றியதுதான். நான்கு விடைகளையும் கையால் மறைத்துக்கொள். கீலைத் தேடி வட்டமிடு. கோட்டில் உன் சொந்தச் சொல் ஒன்றைப் போடு, அது மட்டமான சொல்லாக இருந்தாலும் பரவாயில்லை. அதுவும் வராவிட்டால் நல்லதா கெட்டதா என்று மட்டும் பார்த்து ஒரு கூட்டல் குறியோ கழித்தல் குறியோ போடு. அப்புறம் கையை எடு.

கையை எடுப்பதற்கு முன் யோசிப்பதுதான் குழந்தைகளுக்குப் பெரும்பாடு. நான்கு சொற்கள் கண்ணில் பட்டுவிட்டால் நான்கும் அழைக்கும். வாக்கியம் எழுதுகிறவர் சும்மா எழுதுவதில்லை. ஒன்று சரியான விடை. ஒன்று அதற்கு நேர் எதிர், கீலைக் கவனிக்காதவர்களுக்காகப் போட்டது. ஒன்று வாக்கியத்தில் வரும் வேறு சொல்லோடு ஒட்டி உறவாடுவது. மாணவி, மேடை, பேச்சு என்று வந்தால் ‘சுருக்கமாக’ என்பது பொருத்தமாகத் தோன்றத்தானே செய்யும்?

இதைவிடக் கஷ்டமான வகை ஒன்று உண்டு. இரண்டு சொற்களும் கீலுக்குப் பொருந்தும், குணத்தில் மட்டும் மாறுபடும். ‘சோப்பின் கடைசித் துணுக்கைக்கூடப் புதுச் சோப்போடு ஒட்டவைக்கும் ______ பாட்டியிடம் உண்டு; ஆனால் வாசலில் வந்து நின்ற யாரையும் அவர் வெறுங்கையோடு அனுப்பியதில்லை.’ சிக்கனமா, கஞ்சத்தனமா? பட்டியலில் இரண்டுக்கும் ‘பணம் செலவழிக்காத குணம்’ என்றே எழுதியிருக்கலாம். ஆங்கிலத்தில் ‘ஃப்ரூகல்’, ‘ஸ்டிஞ்சி’ என்று இதே இரட்டையர் தேர்வுக்கு வருவதுண்டு. ஒன்றைச் சொன்னால் பாராட்டு, மற்றதைச் சொன்னால் சண்டை. இந்த வித்தியாசத்தை எந்தப் பட்டியலும் கற்றுத் தராது. யாரோ யாரையோ வைவதைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும். அம்மா கீரையை நகர்த்திவிட்டுச் சொன்னார்: “உங்க தாத்தாவுக்கு ரெண்டுமே பொருந்தும். மாசத் தொடக்கத்துல சிக்கனம், கடைசியில கஞ்சத்தனம்.”

பிரெஸ்லாவில் தொடங்கிய கதை

இந்தக் கேள்வி வகையை முதலில் யோசித்தவர் யார் என்று தேடினால், ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸிடம் போய் நிற்கிறோம். இன்று போலந்தில் வ்ரோத்ஸ்வாஃப் என்று அழைக்கப்படும் நகரம் அப்போது ஜெர்மனியின் பிரெஸ்லாவ். காலையில் தொடர்ந்து பல மணி நேரம் வகுப்பில் உட்கார்வதால் பிள்ளைகள் எந்த அளவுக்குக் களைத்துப்போகிறார்கள் என்று அறிய நகர நிர்வாகம் விரும்பியது. எபிங்ஹாஸ் எண்களை நினைவு வைத்துச் சொல்லச் சொன்னார், கணக்குப் போடச் சொன்னார். கூடவே மூன்றாவதாக ஒன்றும் செய்தார். ஒரு பத்தியை எடுத்து, அங்கங்கே சொற்களையும் அசைகளையும் நீக்கிவிட்டு, நிரப்பு என்று கொடுத்தார். வகுப்பில் நன்றாகப் படிக்கிற பிள்ளைக்கும் தடுமாறுகிற பிள்ளைக்கும் உள்ள வேறுபாட்டை மூன்றில் இதுவே தெளிவாகக் காட்டியது. முடிவுகளை 1897இல் வெளியிட்டார். சிதறிக் கிடப்பதைச் சேர்த்து முழுமையாக்குவதில்தான் அறிவின் வேலையே இருக்கிறது என்பது அவர் கணிப்பு.

இதில் எனக்குப் பிடித்த வேடிக்கை என்னவென்றால், இதற்குப் பன்னிரண்டு ஆண்டு முன்பு, 1885இல், அவர் புகழ்பெற்றது நேர் எதிரான ஒரு வேலைக்காக. அர்த்தமே இல்லாத அசைகளை ஆயிரக்கணக்கில் உருவாக்கி, தானே உட்கார்ந்து மனப்பாடம் செய்து, எவ்வளவு வேகமாக மறக்கிறது என்று அளந்தார். ஒரு நாள் கழித்து அதே வரிசையை மறுபடி கற்றபோது, முதல் முறை செலவான உழைப்பில் மூன்றில் ஒரு பங்குதான் மிச்சமானது. ஒரு மாதம் கழித்து ஐந்தில் ஒரு பங்கு. உளவியல் பாடநூல்களில் வரும் ‘மறதி வளைகோடு’ இதுதான். ஃபிரிட்ஜில் ஒட்டிய ஐந்நூறு சொல் ஏன் நிற்கவில்லை என்பதற்கான பதிலையும், அதற்குப் பதிலாக என்ன கேட்க வேண்டும் என்பதற்கான பதிலையும் ஒரே மனிதர் தந்துவிட்டுப் போயிருக்கிறார்.

அவருக்குப் பின் இந்தக் கோடு பல கை மாறியது. பாரிஸில் ஆல்ஃபிரெட் பினே 1905இல் தயாரித்த அறிவுத்திறன் சோதனையில் சொல் விடுபட்ட வாக்கியங்களும் இருந்தன. நியூயார்க்கில் ட்ராப்யூ என்ற கல்வியாளர் 1916இல் இதை மட்டுமே வைத்து ஒரு மொழித்திறன் அளவுகோலை வெளியிட்டார். இவர்கள் எல்லோரும் அளந்தது நிரப்புகிறவரை.

1953இல் வில்சன் டெய்லர் என்ற இதழியல் ஆய்வாளர் மட்டும் இதைத் தலைகீழாகத் திருப்பினார். ஒரு பத்தியில் குறிப்பிட்ட இடைவெளியில் சொற்களை எடுத்துவிட்டு வாசகர்களிடம் கொடுத்தார். அவர்களால் நிரப்ப முடிந்தால் அது தெளிவாக எழுதப்பட்ட பத்தி. முடியாவிட்டால் பத்திரிகையாளர் இன்னும் நன்றாக எழுதப் பழக வேண்டும். அதாவது பரீட்சை எழுதியவர் கட்டுரையாளர். இதற்கு ‘க்ளோஸ்’ என்று பெயர் வைத்தார். இந்தத் தொழிலில் இருக்கிறவன் என்ற முறையில், அவர்மேல் எனக்கு மரியாதையும் பயமும் ஒரு சேர உண்டு.

டெய்லரின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பயிற்சிப் புத்தகங்களைப் பார்த்தால் பல உதிர்ந்துவிடுகின்றன. ‘சென்ற வாரம் நாங்கள் ஒரு ______ மனிதரைச் சந்தித்தோம்’ என்ற பாணியில் ஒரு வாக்கியம் வந்தது. “நாலுமே சரியாத்தானே இருக்கு மாமா?” என்றாள். ஆமாம், நாலுமே சரிதான். வாக்கியத்தில் கீலே இல்லை. தேர்வை நடத்துகிற நிறுவனத்தின் வாக்கியங்களில் இந்தக் குறை அபூர்வம். அங்கே புதுக் கேள்விகளை மதிப்பெண்ணில் சேராதபடி உண்மைத் தேர்விலேயே கலந்து கொடுத்து, சோதித்துப் பார்க்கிறார்கள். கடையில் விற்கிற புத்தகத்துக்கும், இலவசமாக இறக்கிக்கொள்ளும் தாள்களுக்கும் அந்தச் சல்லடை கிடையாது. ஒரு கணினி உரையாடியிடம் நானே பத்து வாக்கியம் கேட்டேன். மொழி வழுவழுவென்றிருந்தது. சிலவற்றில் இரண்டு விடை பொருந்தியது.

அஞ்சறைப்பெட்டி

மறதி வளைகோட்டுக்கு மருந்து, மறக்கப்போகும் நேரம் பார்த்து மறுபடி கேட்பது. அதற்கு ஓர் எளிய கருவியை 1972இல் செபாஸ்டியன் லைட்னர் என்பவர் தம் நூலில் விவரித்தார். ஐந்து அறை வைத்த ஒரு பெட்டி. புதுச் சொல் எழுதிய அட்டை முதல் அறையில். சரியாகச் சொன்னால் அடுத்த அறைக்குப் போகும். தப்பாகச் சொன்னால் எந்த அறையிலிருந்தாலும் முதல் அறைக்குத் திரும்பி வரும். முதல் அறையைத் தினமும் பார்க்க வேண்டும். அறை தள்ளத் தள்ள இடைவெளி கூடிக்கொண்டே போகும்.

ஷூ வாங்கிய அட்டைப் பெட்டியில் தடுப்பு வைத்து இதை நாங்கள் செய்து முடித்தபோது அம்மா எட்டிப் பார்த்து, “இது என்னடி, அஞ்சறைப்பெட்டி மாதிரி இருக்கு?” என்றார். அதோடு அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. “அம்மாச்சி, அஞ்சறைப்பெட்டி எடுங்க” என்றால் கடுகு வராது, அட்டைகள் வரும்.

அட்டையில் எதை எழுதுவது என்பதில் மட்டும் அக்காவுக்கும் எனக்கும் வாக்குவாதம். ஒரு பக்கம் சொல், மறுபக்கம் பொருள் என்பது அவள் கட்சி. ஒரு பக்கம் அந்தச் சொல் விடுபட்ட வாக்கியம், மறுபக்கம் சொல் என்பது என் கட்சி. வாக்கியத்தைக் குழந்தையே எழுத வேண்டும் என்பது என் கூடுதல் நிபந்தனை. ‘மெட்டிகுலஸ்’ என்ற சொல்லுக்கு அவள் எழுதியது: ‘அம்மாச்சி ______ ஆகக் கீரை ஆய்வதால் ஒரு புழுகூடத் தப்பாது.’ கீல் இருக்கிறது, ‘ஆல்’ என்ற வாலும் இருக்கிறது. தேர்வு வாரியத்தில் அவளுக்கு வேலை போட்டுக் கொடுக்கலாம்.

ஆனால் வாக்கியத்தைப் பார்த்தால் சொல் தானாக விளங்கிவிடும் என்று நானும் முதலில் கொஞ்சம் அதிகமாகவே நம்பினேன். அது சரியில்லை. இசபெல் பெக், மார்கரெட் மெக்கியோன் முதலிய அமெரிக்க ஆய்வாளர்கள் 1983இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். எல்லாச் சூழலும் சமமாகப் படைக்கப்படவில்லை என்பது அதன் சாரம். பாடநூல்களில் வரும் சூழல்களில் சில பொருளைச் சுட்டிக்காட்டும், சில பொதுப்படையாக இருக்கும், சில ஒன்றுமே சொல்லாது, சில தப்பான பக்கம் கையைக் காட்டும் என்று பிரித்தார்கள். கடைசி வகைக்கு நம்மூர் உதாரணம்: ‘“நம்ம வீட்டுக் கல்யாணத்துக்கே இப்படி ஒரு சாப்பாடு அமையல” என்றார் பெரியப்பா ______.’ மகிழ்ச்சியோடு என்று நிரப்பத் தோன்றும். எழுதியவர் வைத்திருந்த சொல் ‘பொருமலோடு’. பங்காளி வீட்டுக் கல்யாணத்துக்குப் போய் வந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பொருமல் என்ற சொல் தெரியாத குழந்தை, இந்த வாக்கியத்தை மட்டும் வைத்து அது ஏதோ சந்தோஷம் என்று கற்றுக்கொண்டு போய்விடும்.

சரி, நிறையப் படித்தால் போதாதா? சாதாரண வாசிப்பில் எதிர்ப்படும் தெரியாத சொற்களில் ஏறக்குறைய 100க்கு 15ஐத்தான் மாணவர்கள் கற்றுக்கொள்கிறார்கள் என்று, முந்தைய ஆய்வுகள் பலவற்றைத் தொகுத்துப் பார்த்த ஸ்வான்போர்ன், டி க்ளோப்பர் ஆகியோர் 1999இல் எழுதினார்கள். இதைக் குறைவு என்றும் சொல்லலாம். வருடக்கணக்கில் படிக்கிற குழந்தைக்கு அது மலைபோல் சேரும் என்றும் சொல்லலாம். தேர்வுக்கு மூன்று மாதம் இருக்கும்போது பதறுகிற வீட்டுக்கு அது குறைவு. ஏழு வயதில் கதைப்புத்தகத்தோடு படுத்துக்கொண்ட வீட்டுக்கு அது மலை. அதனால்தான் ஒரு சொல்லைப் பார்த்ததும் உடைத்துப் பார்க்கும் பழக்கத்தையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். ‘பெனவலன்ட்’ என்றால் முன்பாதி லத்தீனில் நல்லது, ‘மலவலன்ட்’ என்றால் முன்பாதி கெட்டது. பின்பாதி இரண்டிலும் ஒன்றே. தமிழ் வகுப்பில் பகுபத உறுப்பிலக்கணம் என்று பகுதி, விகுதி, இடைநிலை பிரித்துத் திட்டு வாங்கிய யாருக்கும் இது புதிதல்ல. அன்று அதை வெறுத்தோம். இன்று அக்கா அதையே ‘ரூட்ஸ்’ என்ற பெயரில் காசு கொடுத்துச் சொல்லித்தரச் செய்கிறாள்.

காசு என்றதும் இன்னொன்றைச் சொல்லியாக வேண்டும். இந்தப் பள்ளிகள் சாதாரணமானவை அல்ல. நியூயார்க்கில் ஆண்டுக் கட்டணம் 60,000 டாலரைத் தாண்டும் பள்ளிகள் உண்டு. கட்டணச் சலுகையும் உண்டு, அது பெரும்பாலும் குடும்ப வருமானத்தைப் பொறுத்தது. மதிப்பெண்ணை 1 முதல் 9 வரை ‘ஸ்டேனைன்’ என்ற அளவில் தருகிறார்கள். வகுப்பில் எப்போதும் ‘ஏ’ வாங்கும் பிள்ளைக்கு 5 வந்தால் தமிழ் வீடுகளில் அன்று அடுப்பு எரியாது. உண்மையில் 5 என்பது நட்டநடு. ஒப்பீடு ஊரிலுள்ள எல்லாப் பிள்ளைகளோடும் அல்ல, இதே தேர்வை எழுதிய, இதேபோல் அஞ்சறைப்பெட்டி வைத்துப் பயிற்சி எடுத்த பிள்ளைகளோடு. 9 கிடைப்பது நூற்றில் நான்கு பேருக்கு. அக்காவுக்கு இதை நான் இரண்டு முறை விளக்கினேன். “அப்ப அந்த நாலு பேர்ல ஒருத்தி இவளா இருக்கட்டுமே” என்றாள். அதற்கு என்ன பதில் சொல்ல?

சொல்லை வைத்து அறிவை அளக்கும்போது, அந்தச் சொல் எந்த வீட்டில் புழங்குகிறது என்பதையும் சேர்த்தே அளக்கிறோம். அமெரிக்கக் கல்லூரி நுழைவுத் தேர்வான எஸ்.ஏ.டி.யில் முன்பு வந்த ஓர் ஒப்புமைக் கேள்வி இதற்குப் பேர்போனது. ஓட்டக்காரருக்கு மாரத்தான் என்றால் துடுப்புப் போடுகிறவருக்கு எது? விடை ‘ரெகாட்டா’, அதாவது படகுப் பந்தயத் திருவிழா. ஏரிக்கரையில் படகு கிளப் இருக்கும் வீட்டுப் பிள்ளைக்கு அது தினசரிச் சொல். அவனிடம் நான் வாடிவாசல் எது என்று கேட்டால் முழிப்பான். அலங்காநல்லூர்ச் சிறுவன் தூக்கத்தில் சொல்வான்.

இந்த விமர்சனங்களும் வேறு காரணங்களும் சேர்ந்து எஸ்.ஏ.டி. தன் சொற்கேள்விகளை ஒவ்வொன்றாகக் கழற்றியது. எதிர்ச்சொல் 1994இல் போனது. ஒப்புமை 2005இல் போனது. கோடிட்ட இடம் 2016 வரை தாக்குப்பிடித்து அதுவும் போனது. கதை முடிந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள். கணினியில் எழுதும் புதிய எஸ்.ஏ.டி. 2024இல் அமெரிக்காவில் நடைமுறைக்கு வந்தபோது பார்த்தால், சிறு பத்தி, நடுவில் ஒரு கோடு, கீழே நான்கு சொல். முன்வாசலில் அனுப்பி வைத்த விருந்தாளி கொல்லைப்புறமாக வந்து திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். 2020இல் கோவிட் வந்தபோது பல தனியார் பள்ளிகள் நுழைவுத் தேர்வே கட்டாயமில்லை என்றதும் அக்காவுக்குத் தெரியும். “கட்டாயமில்லேன்னா எழுதக் கூடாதுன்னு அர்த்தமில்லையே” என்பது அவள் வாதம்.

இன்னொருவரும் இதே பயிற்சியை எடுத்தார், ஆனால் மனிதரல்ல. 2018இல் கூகுள் ஆய்வாளர்கள் ‘பெர்ட்’ என்ற மொழி மாதிரியை வெளியிட்டார்கள். அதைப் பழக்கிய விதம்: கோடிக்கணக்கான வாக்கியங்களில் சுமார் 15 விழுக்காடு சொல் துணுக்குகளைத் தேர்ந்தெடுத்து, பெரும்பாலானவற்றை மறைத்து, ஒவ்வொன்றையும் ஊகிக்கச் சொல்வது. ஆய்வுக் கட்டுரையில் 1953இல் எழுதிய டெய்லரின் பெயரையே குறிப்பிட்டிருக்கிறார்கள். மொழியை நன்றாக ஊகிக்கத் தெரிந்தால் மொழியில் நிறையத் தெரிந்துவிடும் என்று பிரெஸ்லாவ் வகுப்பறையில் தோன்றிய எண்ணம் கணினிக்குள்ளும் வேலை செய்தது. இதை அக்கா மகளிடம் சொன்னேன். “அதுக்கும் தேர்ட்டி செகண்ட்ஸ்தானா?” என்று கேட்டாள். இல்லை என்றேன். “அப்ப அது ஃபேர் இல்ல.”

நான் கிளம்புவதற்கு முந்தின ராத்திரி. தேர்வுக்கு இன்னும் ஐந்து வாரம். மூன்றாம் அறையில் கணிசமான அட்டைகள் சேர்ந்திருந்தன. ‘ரிலக்டன்ட்’ மட்டும் நான்கு முறை முதல் அறைக்குத் திரும்பி வந்திருந்தது. பயிற்சி முடிந்து டைமர் அடித்ததும் அவள் பென்சிலை வைத்துவிட்டு, “அம்மாச்சி, நீங்க ஒண்ணு சொல்லுங்க, நான் ஃபில் பண்றேன்” என்றாள்.

அம்மா ஆறு மாத விசாவில் வந்தவர். கும்பகோணத்துக்குத் திரும்ப இன்னும் இரண்டு மாதம் இருந்தது. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு சற்று யோசித்தார்.

“இந்த வீட்டுல எல்லாம் இருக்கு, ஆனா...” என்று நிறுத்தினார்.

“ஆனா! அதுதான் கீல்” என்று கத்தினாள் அவள். “மைனஸ் வேர்டு. ஏதோ இல்ல. காவேரி இல்ல?”

“இல்ல.”

“வாசல் இல்ல? திண்ணை? மாமா நாளைக்கு இருக்க மாட்டாங்க?”

“ம்ஹூம்.”

“நாலு சாய்ஸ் குடுங்க அம்மாச்சி.”

“அதெல்லாம் குடுக்க மாட்டேன், யோசி” என்று சொல்லிவிட்டு அம்மா கீரைக் கூடையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

அவள் ஓர் அட்டையை எடுத்து அந்த வாக்கியத்தைத் தமிழிலேயே, எழுத்துக் கூட்டி, ‘வீட்டுல’ என்பதில் ஒற்றை விட்டுவிட்டு, எழுதினாள். கடைசியில் ஒரு கோடு போட்டாள். திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் காலி. அப்படியே முதல் அறையில் போட்டு மூடினாள்.